நரையும் கருமையும்: தலைச்சாயத்தின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

தலைமயிர் நரைப்பது உடலியல் நிகழ்ச்சி. நரைத்த மயிரைக் கருமையாக்க விரும்புவது சமூக நிகழ்ச்சி. முன்னையது எல்லாக் காலத்துக்கும் எல்லா வர்க்கத்தினருக்கும் பொதுவானது. பின்னையது காலத்துக்குக் காலமும் வர்க்கத்துக்கு வர்க்கமும் வேறுபடுவது. இவ்வேறுபாட்டினைப் பொருளியல் அடிப்படையில் நோக்குவதும், சாயங்கள் தொழிற்படும் முறையினை அவற்றைத் தோற்றுவித்த உற்பத்தி முறைகளோடு இணைத்துக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

நிலவுடைமை, சாதி, சடங்கு, கூத்து என்பன பற்றி ஈழத்துத் தமிழாய்வு கணிசமான அளவு கூறியுள்ளது. அன்றாட வாழ்விற் பயிலும் சிறு பண்டங்களின் வரலாறு அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. ஆயினும் ஒரு சமூகத்தின் உற்பத்தி உறவுகள் ஏட்டிலும் கல்வெட்டிலும் மட்டுமன்றி, சில்லறைக் கடையின் முகப்பிற் சரமாகத் தொங்கும் சாயப் பக்கற்றிலும் பதிந்துள்ளன என்பதை மறந்துவிடலாகாது.

இவ்வாய்வுக்குத் தூண்டுகோலாய் அமைந்தது கிரான். மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, திருகோணமலை செல்லும் வீதியில் அமைந்த இவ்வூருக்குக் கிழக்கே கல்குடாக் கடல். மேற்கே மாரியில் வெள்ளம் மேவும் தாழ்நிலம். அதற்கப்பால் வயல்வெளிகளும் மேய்ச்சற்றரைகளும். அவற்றின் பின்னணியில் நிற்கும் குன்றுக்குக் குடும்பிமலை என்று பெயர். தலைமயிரின் முடிச்சைக் குறிக்கும் சொல்லையே மலைக்குப் பெயராக இட்டு வழங்கிய மக்கள் அவர்கள். இவ்வூர்ச் சலூன் ஒன்றிற் பணிபுரியும் முதியவரின் விரல்களை அண்மையிற் கண்டேன். நகக்கண்கள் கறுத்திருந்தன, விரலிடுக்குகளில் தோல் வெடித்துச் செந்நிறமாய்க் கிடந்தது. காரணம் கேட்டபோது, "டை அடிச்சு அடிச்சுத்தான் தம்பி. கை வெடிக்குதெண்டு கடையைப் பூட்ட ஏலுமா?" என்றார். தம் தலைக்கு அவர் எதுவும் பூசியிருக்கவில்லை. அது முழுவதும் நரைத்திருந்தது.

பிறர் தலையைக் கருமையாக்கும் கை ஏன் வெடிக்கின்றது? அத்தலைகள் ஏன் கறுக்கவேண்டியனவாயின? இவ்விரு வினாக்களையும் ஒன்றாகவே நோக்குதல் வேண்டும்.

1. நரையின் பழைய பெறுமதி

பண்டைத் தமிழிலக்கியத்தில் நரை இழிவாகவே கருதப்பட்டது என்று கொள்வது தவறாகும். கரிகாற் சோழனைப் பற்றி வழங்கும் செய்தி இதற்குத் தக்க சான்று. வழக்குரைக்க வந்த முதியோர் இருவர், அரசன் இளைஞனாயிற்றே, நீதி அறிவானோ என ஐயுற, அவன் நரைமயிரை அணிந்து முதியோன் தோற்றத்தோடு அவையில் அமர்ந்து தீர்ப்பளித்தான் என்பது அச்செய்தி. பழமொழி நானூறு இதனைக் கூறுகிறது. மணிமேகலையும் குறிப்பாகச் சுட்டுகிறது. அது வரலாற்று நிகழ்ச்சியா, புனைவா என்பது ஈண்டு முக்கியமன்று. இளமையை மறைத்து நரையை இரவல் வாங்கும் ஒரு தலைவனைப் போற்றத்தக்கவனாகக் கருதிய சமூகம் ஒன்று இருந்தது என்பதே முக்கியமாகும். அறிவு அனுபவத்தின்வழிச் சேமிக்கப்பட்ட சமூகத்தில், அனுபவத்தின் கண்காணும் அடையாளம் நரை. எனவே அது அதிகாரத்தின் அடையாளமும் ஆயிற்று.

இதன் மறுதலையைப் புறநானூற்றின் 191ஆம் பாட்டிற் காண்கிறோம். ஆண்டுகள் பல ஆகியும் நரையாதிருப்பது எவ்வாறு என வினவியோர்க்குப் பிசிராந்தையார் விடை கூறுகிறார். மனைவி மக்களின் மாண்பு, ஏவலரின் இணக்கம், அரசனின் முறைதவறாமை, ஊரில் வாழும் சான்றோரின் அடக்கம் என்பனவே அவர் காட்டும் காரணங்கள். நரையை மருந்தோடும் எண்ணெயோடும் தொடர்புபடுத்தாது, வீடு, ஊர், அரசு ஆகியவற்றின் ஒழுங்கோடு தொடர்புபடுத்தும் இப்பார்வை வியக்கத்தக்கது. நரைத்தலுக்குச் சமூகக் காரணம் உண்டு என்ற எண்ணம் தமிழில் இவ்வளவு தொன்மையானது.

ஆயின் அப்பாட்டை விமரிசனமின்றி ஏற்றுக்கொள்ளவும் இயலாது. புலவர் கருதுவதையே ஏவலரும் கருதுகின்றனர் என்பது அவர் கூறும் காரணங்களுள் ஒன்று. ஆண்டானின் மயிர் நரையாதிருப்பதற்கு ஏவலரின் மனம் ஆண்டானின் மனமாகவே இருத்தல் வேண்டும். அவ்வேவலரின் மயிர் எப்போது நரைத்தது என்பதை அப்பாட்டுக் கூறவில்லை. கவலையின்மை என்பதும் ஏற்றத்தாழ்வாகப் பங்கிடப்பட்ட ஒரு செல்வம் என்பதை இதனால் உணரலாம்.

மூன்றாவது நோக்கு சமண பௌத்த மரபினது. மணிமேகலையில் தன்னை விரும்பி வந்த உதயகுமாரனுக்கு நரைத்த மூதாட்டி ஒருத்தியைக் காட்டி, கருங்கூந்தலின் நிலையாமை உணர்த்தப்படுகிறது. அங்கு நரை அதிகாரமுமன்று, இழிவுமன்று; உண்மைக்குச் சான்று.

இம்மூன்று நோக்குகளுக்கும் பொதுவான பண்பு ஒன்று உண்டு. நரைத்தவன் தன் உழைப்பை விற்பதற்குச் சந்தையில் நிற்பவனாக எங்கும் காட்டப்படவில்லை. மட்டக்களப்பின் நிலமானிய அமைப்பிலும் இதுவே நிலை. வயல் உடைய போடியாரின் நரை அவரது மதிப்பைக் குறைத்ததில்லை. கோயிற் சபையிலும் வயற்கூட்டத்திலும் அது அவருக்கு வலுச் சேர்த்தது. அவரின் கீழ் உழைத்தவனுக்கோ நரை ஓய்வைத் தரவில்லை. எனினும் அதனை மறைக்கவேண்டிய தேவையும் அவனுக்கு இருக்கவில்லை. தலைமுறையாக ஒரே போடியாரின் கீழ் உழைப்பவனின் வயதை அறிவதற்கு அவனது மயிரைப் பார்க்கவேண்டியதில்லை.

2. இலையும் இரும்பும் ஈயமும்

நவீன வேதியியலுக்கு முன்னரும் மக்கள் மயிருக்கு நிறமூட்டினர். அச்சாயங்களை விளங்கிக்கொள்வதற்கு மயிரின் அமைப்பை அறிதல் அவசியம். மயிரின் வெளிப்புறத்தில் கூரையோடுகள்போல ஒன்றன்மேலொன்று படிந்த செதில்கள் உள்ளன. உட்புறம் கெரற்றின் எனும் புரத நார்களால் ஆனது. இயற்கை நிறத்தைத் தரும் மெலனின் இவ்வுட்புறத்திலேயே தங்கியுள்ளது. மயிரின் வேரிலுள்ள நிறக்கலங்கள் அதனை ஆக்குகின்றன. அக்கலங்களைப் புதுப்பிக்கும் மூலக்கலங்கள் வயதோடு குறைய, மெலனின் இல்லாத மயிர் முளைக்கின்றது. முளைத்த மயிர் உயிரற்றதாகையால், எந்தச் சாயமும் நரையைத் 'தீர்ப்பதில்லை'. அது மயிரின் மேற்பரப்பிலோ உட்புறத்திலோ வேறொரு நிறத்தைத் தங்கவைக்கிறது, அவ்வளவே.

தாவரச் சாயங்களுள் முதன்மையானது மருதோன்றி. அதன் இலையிலுள்ள லோசோன் எனும் பொருள் புளிப்புச் சேர்த்து அரைக்கும்போது வெளிப்பட்டு, மயிரின் கெரற்றினோடு நேரடியாகப் பிணைந்துகொள்கிறது. அதனால் அந்நிறம் எளிதிற் கழுவுண்பதில்லை. ஆயின் அது செம்மஞ்சள் நிறமே. மருதோன்றி தானாக ஒருபோதும் கறுப்பதில்லை என்பதை ஈண்டு மனங்கொள்ளுதல் வேண்டும். இதன் முக்கியத்துவம் பின்னர்ப் புலப்படும். ஏறாவூர், ஓட்டமாவடி முதலிய அயலூர்களின் முஸ்லிம் முதியோர் சிலர் தாடிக்கு மருதோன்றி இடும் வழக்கத்தின் பின்னணியில், நரையை மருதோன்றியால் மாற்றுவதை விரும்பியும் முழுக் கருமையைத் தவிர்க்கச் சொல்லியும் வந்த இஸ்லாமிய மரபு உள்ளது. அங்கு சாயம் வயதை மறைப்பதில்லை. வயதை மதிப்புடன் அறிவிக்கிறது.

கருமை வேண்டியோர் மருதோன்றியின்மேல் அவுரியை இட்டனர். அவுரியின் பச்சை இலையில் நீலநிறம் இல்லை. இண்டிக்கன் எனும் நிறமற்ற பொருளே அதில் உண்டு. இலை நீரிற் குழைந்து ஊறும்போது அது இண்டொக்சிலாகப் பிரிந்து, காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து நீலமாகிறது. செம்மஞ்சளின்மேல் நீலம் படியக் கருங்கபில நிறம் கிடைக்கும். முழு மாற்றத்துக்குப் பல மணிநேரம் செல்லும்.

சித்த, ஆயுள்வேத மரபுகளிற் கடுக்காயும் நெல்லிக்காயும் இரும்புச் சட்டியில் ஊறவைக்கப்பட்டதற்கும் வேதியியற் காரணம் உண்டு. அவற்றின் துவர்ப்புப் பொருளான தனின் இரும்போடு சேர்ந்து கரிய நிறத்தைத் தருகிறது. ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் எழுதப் பயன்படுத்திய மையும் இதே தாக்கத்தால் ஆனது. கையாந்தகரை எனவும் கரிசலாங்கண்ணி எனவும் வழங்கும் பூண்டின் சாறு காற்றுப்பட்டாற் கறுப்பது. அதனை எண்ணெயிற் காய்ச்சித் தலைக்கு வைக்கும் வழக்கம் இங்கு இன்றும் உண்டு. அது நரையைக் கறுப்பாக்கும் வலிய சாயமன்று. மெல்லிய நிழலையே தரும்.

உலோகச் சாயங்கள் மத்தியதரைப் பகுதியிற் பழமையானவை. கிரேக்க, உரோம மக்கள் ஈய ஒட்சைட்டையும் நீறிய சுண்ணாம்பையும் குழைத்துத் தலைக்குப் பூசினர். மயிரின் கெரற்றினிலுள்ள கந்தகத்தோடு ஈயம் சேர்ந்து கரிய ஈயச் சல்பைட்டாகிறது. அது மயிரின் உள்ளேயே மிக நுண்ணிய பளிங்குகளாகப் படிவதைப் பிரெஞ்சு ஆய்வாளர் 2006இல் எடுத்துக்காட்டினர். ஈயம் நச்சு என்பது நன்கறியப்பட்ட பின்னரும் ஈய அசற்றேற்று அடங்கிய, நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கறுப்பிக்கும் சாயங்கள் அமெரிக்காவில் நெடுங்காலம் விற்பனையாயின. அவற்றுக்கான அனுமதியை நீக்கும் முடிவை அந்நாட்டு உணவு மருந்து நிருவாகம் 2018இலேயே அறிவித்தது.

3. அவுரி வயலிலிருந்து நிலக்கரித் தாருக்கு

சாயம் என்பது வேதியியலுக்கு முன்னர் உழைப்பின் வரலாறாகும். ஒல்லாந்தர் ஆட்சியில் இலங்கையின் வடபகுதியிற் சாயவேர் கிண்டுதல் குறித்த குடியினர்மீது சுமத்தப்பட்ட ஊழியமாயிருந்தது. அவ்வேரின் சிவப்பு துணிக்குச் சென்றது, வருமானம் கம்பனிக்குச் சென்றது. வங்காளத்தில் அவுரி பயிரிடுமாறு குடியானவரைத் தோட்டத்துரைமார் முன்பணக் கடனாற் பிணைத்தனர். 1859-60இல் அக்குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். தீனபந்து மித்திரரின் 'நீல் தர்ப்பண்' எனும் நாடகம் 1860இல் வெளிவந்தது அக்கிளர்ச்சியின் பின்னணியிலேயே. பீகாரின் சம்பாரணில் அவுரிக் கொடுமை 1917இல் காந்தி அங்கு செல்லும்வரை நீடித்தது.

இதே காலத்தில் ஐரோப்பாவின் ஆய்வுகூடத்தில் வேறொரு வரலாறு தொடங்கியது. 1856இல் லண்டனில் வில்லியம் பேர்க்கின் எனும் பதினெட்டு வயது மாணவர், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருளைக்கொண்டு குவினைன் ஆக்க முயன்றார். மலேரியாவுக்கான அம்மருந்து, வெப்பவலய நாடுகளில் ஆட்சியையும் தோட்டங்களையும் நிலைநிறுத்த விழைந்த பேரரசுக்கு இன்றியமையாதது. குவினைன் கிடைக்கவில்லை; ஊதாச் சாயம் ஒன்று கிடைத்தது. தாரிலிருந்து சாயம் செய்யும் பெருந்தொழில் இவ்வாறு பிறந்தது. பேர்க்கினின் ஆசிரியரான ஒகஸ்ற் வில்ஹெல்ம் ஹொப்மன் இத்தாரின் வழிவந்த அமைன்களை விரிவாக ஆராய்ந்தார். பரா-பினைலீன் இருஅமைன் எனும் பொருள் அக்குடும்பத்தைச் சேர்ந்தது. ஒட்சியேறும்போது இது கருமையடையும் தன்மை 1880களில் மயிர்ச்சாயமாகப் பயன்படுத்தப்படலாயிற்று.

1897இல் ஜேர்மனியின் பாஸ்வ் நிறுவனம் செயற்கை அவுரிநீலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. இந்திய அவுரி ஏற்றுமதி வீழ்ந்தது. 1914 அளவில் அது பழைய அளவின் சிறு பகுதியாகச் சுருங்கியிருந்தது. குடியானவனைக் கட்டிவைத்த பயிர் ஒழிந்தபோதும் அவன் விடுதலை பெறவில்லை. சம்பாரணில் தோட்டத்துரைமார், அவுரிப் பயிரைக் கைவிடுவதற்கு ஈடாகக் குத்தகையை உயர்த்தி நட்டத்தைக் குடியானவன் தலையிலேயே ஏற்றினர். உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி மட்டுமே மனிதனை விடுவிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைத்தல் அரிது.

பாரிசில் ஐஜன் சுவெல்லர் எனும் வேதியியலாளர் 1907இல் செயற்கைத் தலைச்சாயம் ஒன்றை உருவாக்கி, 1909இல் கம்பனி தொடங்கினார். அக்கம்பனிக்கு அவர் இட்ட பெயரின் பொருள் 'தீங்கற்ற தலைச்சாயங்களின் பிரெஞ்சுச் சங்கம்' என்பதாகும். பின்னாளில் லொறியல் என உலகெங்கும் அறியப்பட்ட நிறுவனம் அதுவே. தீங்கற்றது என்பதைப் பெயரிலேயே சொல்லவேண்டியிருந்தமை, அக்காலத்துப் பாவனையாளர் கொண்டிருந்த அச்சத்துக்குச் சான்றாகின்றது.

4. ஒட்சியேற்றச் சாயம் தொழிற்படும் முறை

இன்று கடைகளில் விற்பனையாகும் சாயங்களை அவை மயிரில் தங்கும் இடத்தைக் கொண்டு மூன்றாக வகுக்கலாம். முதல்வகை தற்காலிகச் சாயம். இதன் மூலக்கூறுகள் பெரியவை. செதில்களைக் கடந்து உட்புகமாட்டாமல் மேற்பரப்பில் ஒட்டிநின்று, ஒரு முழுக்கோடு நீங்குபவை. இரண்டாவது வகையின் மூலக்கூறுகள் சிறியவை. ஓரளவு உட்புகுந்து, சில முறை கழுவும்வரை நிலைப்பவை. மூன்றாவது நிரந்தரச் சாயம் எனப்படும் ஒட்சியேற்றச் சாயம். சந்தையின் பெரும்பகுதி இதனுடையது.

இதன் தத்துவம் எளிமையானது. முதலில், அமோனியா போன்ற காரப்பொருள் மயிரை ஊதச்செய்து செதில்களை விரிக்கிறது. அவ்வழியே பரா-பினைலீன் இருஅமைனும் அதனோடு சேரவேண்டிய ரிசோசினோல் முதலிய துணைப்பொருள்களும் உட்செல்கின்றன. உட்செல்லும்போது இவை நிறமற்ற சிறு மூலக்கூறுகள். கூடவே செல்லும் ஐதரசன் பரவொட்சைட்டு இரு வேலைகளைச் செய்கிறது. எஞ்சியிருக்கும் மெலனினை அழித்து மயிரை வெளிறச்செய்வது ஒன்று. அமைனை ஒட்சியேற்றித் துணைப்பொருளோடு பிணையவைப்பது மற்றொன்று. பிணைந்தபின் உருவாகும் நிறமுள்ள மூலக்கூறு பெரியது. உட்புகுந்த வழியே அது வெளியேற முடியாது. ஏறத்தாழ அரைமணி நேரத்தில் இவையெல்லாம் முடிந்துவிடுகின்றன. தூளாக விற்கப்படும் மலிவான சாயங்களிலும் இத்தாக்கமே நிகழ்கின்றது. நீரிற் கரைக்கும்போது ஒட்சியேற்றும் தன்மை பெறும் பரவொட்சைட்டு உப்பு ஒன்று அத்தூளிலேயே கலக்கப்பட்டிருக்கும்.

'கறுப்பு மருதோன்றி' என்ற பெயரில் விற்பனையாகும் பக்கற்றுகளின் மர்மமும் இங்கு துலங்கும. மருதோன்றி கறுப்பதில்லை என மேலே கண்டோம். அரைமணியில் மயிரைக் கருமையாக்கும் மருதோன்றித் தூளில், மருதோன்றி எவ்வளவு இருப்பினும், கருமையைத் தருவது பெரும்பாலும் தாரின் வழிவந்த அதே அமைனே. இலையின் படம் வெளியே. நிலக்கரியின் வேதியியல் உள்ளே. பண்டத்தின் தோற்றத்துக்கும் உள்ளீட்டுக்கும் இடையிலான இம்முரண்பாட்டைக் கிராமத்து வாசகன் அறிந்துகொள்ளும் வழி, பக்கற்றின் பின்புறத்தில் நுண்ணெழுத்தில் அச்சான அந்நியமொழிப் பெயர்ப்பட்டியல் ஒன்றே.

இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. மயிர் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளர்கின்றது. சாயம் நிரந்தரமாயினும் தலை நிரந்தரமன்று. மூன்று நான்கு வாரத்தில் நரையின் வேர் மீண்டும் வெளித்தெரியும். ஒருமுறை கருமையாக்கியவன், நிறுத்துவதாயின், கறுப்பும் வெள்ளையுமான தலையோடு ஊருக்குள் நடக்கவேண்டும். எனவே அவன் திரும்பவும் வாங்குகிறான். உடலின் இயல்பான வளர்ச்சியே பண்டத்தின் இடையறாத தேவையாகிவிடுகிறது.

5. வயதைச் சந்தைக்குக் கொண்டுசெல்லல்

நரை எப்போது மறைக்கப்படவேண்டியதாயிற்று? உழைப்புச் சக்தி பண்டமாகி, உழைப்பவன் தன்னை அறியாத ஒருவனிடம் தன்னை விற்கவேண்டியபோது என்பதே விடை. வாங்குபவன் உழைப்பவனின் கடந்தகாலத்தை அறியான்; கண்முன் நிற்கும் உடலையே மதிப்பிடுவான். அங்கு நரை அனுபவத்தின் அடையாளமன்று. எஞ்சியுள்ள உழைப்பின் குறைவுக்கு அடையாளம். மேற்கில் இதனோடு பெண்ணின் தோற்றம் பற்றிய ஆணாதிக்கக் கருத்துநிலையும் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவில் 1956இல் கிளெயிறோல் நிறுவனம் வீட்டிலேயே ஒரே முறையிற் பூசத்தக்க சாயத்தை அறிமுகப்படுத்தியபோது, அதன் விளம்பரம் அழகை மட்டும் விற்கவில்லை. பூசியிருப்பதை அயலார் அறியமாட்டார் என்ற உறுதியையும் விற்றது.

நம் பகுதியில் இம்மாற்றம் வேறு வழியில் வந்தது. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டமும் அதன் பின்னான மாற்றங்களும் போடியார் முறையைத் தளர்த்தின. 1977இல் திறந்த பொருளாதாரம் புகுந்தது. இறக்குமதிப் பண்டங்கள் கிராமக் கடைகளை எட்டின. அதே காலத்தில் மத்திய கிழக்கு நாடுகளுக்கான உழைப்பு ஏற்றுமதி பெருகிற்று. அதனை நெறிப்படுத்தவென 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டது. தொடர்ந்த யுத்தம் 2009வரை வயலையும் மாட்டையும் தொழிலையும் சிதைத்தது. 2004இன் கடற்கோள் கரையோரத்தை அழித்தது. இவ்வழிவுகளின் பின் எஞ்சிய குடும்பங்களுக்குக் கடவுச்சீட்டுப் புகைப்படம் ஒரு வாழ்வாதாரம். அப்படத்துக்கு முன்னர்ச் சலூனுக்கோ சாயப் பக்கற்றுக்கோ செல்லும் ஐம்பதை அண்மிய ஆணையும் பெண்ணையும் ஆடம்பரப் பிரியர் என்று கூறுவது அறியாமையாகும். பாலைவன நாட்டின் வீட்டுக்கோ கட்டட வேலைக்கோ ஆள் தேடுபவனின் கண்ணுக்குத் தன் உடலில் இன்னும் சில ஆண்டுகள் மீதமுள்ளன என்று அவர் காட்டவேண்டியுள்ளது.

கரிகாலன் நரையணிந்து அவையேறினான். கிரான் உழைப்பாளி நரைகளைந்து படமெடுக்கிறான். இருவரும் தம் வயதைப் பற்றிப் பொய்யே சொல்கின்றனர். முன்னவன் அதிகாரம் செலுத்துவதற்காகவும் பின்னவன் வேலை பெறுவதற்காகவும் அதனைச் சொல்வதிலேயே இரு சமூகங்களுக்கும் இடையிலான முழு வேறுபாடும் அடங்கியுள்ளது.

இச்சந்தையை ஏழையின் வாசலுக்குக் கொண்டுவந்தது சிறு பக்கற்று. தமிழ்நாட்டில் ஷாம்பு வணிகத்தில் 1980களிற் பெருவெற்றி பெற்ற இம்முறை, மொத்தமாக வாங்கும் சக்தியற்றவனையும் வாடிக்கையாளனாக்கியது. சில்லறையாக வாங்குபவன் சிலவேளை அளவுக்கு அதிக விலை கொடுப்பதும் உண்டு. அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது, 2022 ஓகஸ்ற்றில், இலங்கை அரசு அழகுசாதனப் பொருள்கள் பல உட்பட முந்நூறுக்கு மேற்பட்ட பண்டங்களின் இறக்குமதியை இடைநிறுத்தியமை, இத்தேவைகள் எத்துணை பிறநாடு சார்ந்தவை என்பதைத் திடீரென உணர்த்திற்று.

6. பூசும் கை

சாயத்தின் தீங்கு பற்றிய செய்திகள் புதியனவல்ல. அமெரிக்காவில் 1933இல் பரா-பினைலீன் இருஅமைன் அடங்கிய கண்ணிமைச் சாயம் ஒன்று பார்வையிழப்புக்கும் மரணத்துக்கும் காரணமாயிற்று. அதன் எதிரொலியோடு வந்த 1938ஆம் ஆண்டுச் சட்டம் கண்ணிமைச் சாயத்தைத் தடுத்ததேயன்றி, நிலக்கரித் தார் வழிவந்த தலைச்சாயங்களுக்கு எச்சரிக்கைச் சீட்டு ஒட்டினாற் போதும் என விலக்களித்தது. 1975இல் புரூஸ் ஏம்ஸ் என்பாரும் அவருடன் ஆய்ந்தோரும் 169 ஒட்சியேற்றச் சாயங்களைப் பற்றீரியாக்களிற் சோதித்தபோது, அவற்றுள் 150 பரம்பரையலகு மாற்றத்தை விளைவித்தன. அதன்பின்னரே ஐயத்துக்குரிய சில சேர்க்கைகள் கைவிடப்பட்டன. இவ்வமைன் உட்கொள்ளப்படின் தொண்டை வீங்கி மூச்சடைப்பதும் தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழப்பதும் இந்தியா, பாகிஸ்தான், சூடான் ஆகிய நாடுகளின் மருத்துவர்களாற் பதிவு செய்யப்பட்டுள்ளன. தோலிற் படும்போது அது சிலரிடம் கடும் ஒவ்வாமையைத் தோற்றுவிக்கிறது. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டவருக்கு அது வாழ்நாள் முழுவதும் நீடிக்கலாம். காதின் பின்னோ முழங்கையின் உட்புறத்திலோ சிறிது பூசி இரு நாள் பார்த்தபின்னரே தலைக்கு இடவேண்டும் என்ற அறிவுறுத்தல் இதனாலேயே எழுந்தது.

இவ்வாராய்ச்சிகளுள் நமது நோக்கில் மிக முக்கியமானது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் முடிவு. அந்நிறுவனம் 1993இலும், பின்னர் 2010இல் வெளிவந்த அறிக்கையிலும் ஒரு வேறுபாட்டைக் கண்டது. தன் தலைக்குச் சாயம் பூசுபவரைப் பொறுத்தவரை புற்றுநோய் அபாயத்தை வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை. சிகையலங்காரத் தொழிலாளராகவும் முடிவெட்டுவோராகவும் உழைப்பதோ, மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் விளைவிக்கத்தக்க தொழிற்சூழல் என வகைப்படுத்தப்பட்டது. பயன்பெறும் தலை ஒரு வகை. பூசும் கை வேறொரு வகை. விஞ்ஞானம் தன் மொழியிற் கூறிய இவ்வுண்மைக்கு வர்க்க விளக்கம் அளிப்பது சமூக விஞ்ஞானியின் கடமை.

பூசும் கை யாருடையது? நமது சமூகத்தில் அதற்குச் சாதிப்பெயரும் உண்டு. அம்பட்டர் என ஒதுக்கப்பட்ட குடியினர், போடியார் வீட்டின் மங்கலத்துக்கும் அமங்கலத்துக்கும் குடிமை செய்து, அறுவடையில் நெல்லைக் கூலியாகப் பெற்றனர். கே. டானியல் 1972இல் வெளியிட்ட 'பஞ்சமர்' நாவலின் தலைப்புக் குறிக்கும் ஐவகைக் குடியினருள் அவரும் அடங்குவர். சலூன் இவ்வுறவை உடைத்தது. தொழிலாளி வீட்டு வாசலுக்குச் செல்லாமல், வாடிக்கையாளன் அவனது கடைக்கு வந்து, அவனது கதிரையில் அமர்ந்து, காசு கொடுக்கலானான். இது ஒரு முன்னேற்றமே. யாழ்ப்பாணத்தின் ஜோசப் சலூனில் கத்தரிக்கோல் பிடித்த டொமினிக் ஜீவா, 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்காகச் சாகித்திய விருது பெற்றதும், 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கி அச்சலூனையே ஓர் இலக்கியக் களமாக்கியதும் ஈழத்து முற்போக்கு இலக்கிய வரலாற்றின் பெருமைக்குரிய நிகழ்ச்சிகள். தலைமயிர்த் தொழிலாளி பேனா பிடித்தபோது தமிழிலக்கியத்தின் மொழியே மாறிற்று.

ஆயின் சாதியின் பிடி தளர்ந்த இடத்திற் சந்தையின் பிடி இறுகியுள்ளது. குடிமைமுறையில் இழிவு அவன் பெயரின்மேல் விழுந்தது. இன்று பாதிப்பு அவன் தோலின்மேல் விழுகின்றது. பூசும் கூலியைக் குறைத்துக் கேட்கும் வாடிக்கையாளன், கையுறையின் விலையைக் கணக்கிடுவதில்லை. பக்கற்றை ஆக்கும் கம்பனிக்கும் கிரான் சலூனின் விரலுக்கும் இடையே எந்த ஒப்பந்தமும் இல்லை. கையுறை, காற்றோட்டம், தோல்நோய் தொழில்நோயாக ஏற்றுக்கொள்ளப்படல், பக்கற்றிற் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவான எச்சரிக்கை என்பன மிகச் சிறிய கோரிக்கைகள். அவற்றையும் தனித்தனியே நிற்கும் கடைக்காரர் பெறமுடியாது. சிகையலங்காரத் தொழிலாளர் சங்கங்கள் கட்டண நிர்ணயத்தோடு நில்லாது இவற்றையும் முன்னெடுத்தல் அவசியம்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. நரையின் பெறுமதி இயற்கையால் நிர்ணயிக்கப்படுவதன்று. உற்பத்தி உறவுகளால் நிர்ணயிக்கப்படுவது. சாயங்களின் வேதியியல் வளர்ச்சி, அவுரிக் குடியானவனின் அழிவோடும் பேரரசின் தேவைகளோடும் பின்னிப் பிணைந்தது. அச்சாயத்தின் பயன் ஒரு பக்கமும் தீங்கு மறுபக்கமுமாகப் பங்கிடப்பட்டுள்ளன.

இக்கட்டுரை சாயம் பூசவேண்டாம் என்று கூறவில்லை. விரும்பிய நிறத்தில் தன் தலையை வைத்துக்கொள்வது எவருக்கும் உரியது. அவ்விருப்பம் அச்சத்திலிருந்து பிறக்காதிருக்கவேண்டும். அதனை நிறைவேற்றும் கை வெடிக்காதிருக்கவேண்டும். பிசிராந்தையாரின் விடை இன்றும் பொருளுடையதாவது இவ்வகையிலேயே. நரைக்கான காரணத்தை வீட்டிலும் ஊரிலும் அரசிலும் தேடியது அவரது சிறப்பு. ஏவலரை அக்கணக்கில் தம் நிழலாகவே கண்டமை அவரது காலத்தின் எல்லை. ஏவலரும் கவலையின்றி நரைக்கக்கூடிய ஊர் ஒன்று அமையுமாயின், அவ்வினாவுக்கு அப்போதே முழுமையான விடை கிடைக்கும். அதுவரை கிரான் சலூன் முதியவரின் வெள்ளைத் தலையும் கறுத்த நகக்கண்களும் நமது ஆய்வின் முன் நிற்கும் சான்றுகளாகும்.